ரீபிரீதர் ஆக்சிஜன் செல்லைச் சோதிக்கும் முறை: கடற்காற்றை நம்பாதீர்கள்

ரீபிரீதர் என்பது, நாம் வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து, குறைந்த ஆக்சிஜனைச் சேர்த்து மீண்டும் சுவாசிக்கத் தரும் முக்குளிப்புக் கருவி. அதில் வாயு விடும் வால்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஆக்சிஜன் அளவை உணரும் ஆக்சிஜன் செல் சொல்வதைத்தான் அது கேட்கும். எனவே கட்டுப்பாட்டுப் பெட்டியில் கைவைக்கும் முன் செல்லைச் சோதிக்கப் பழகுங்கள்.

கால்வானிக் வகைச் செல், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் வாயுவைச் சீராக விடும் குழாய், செல்லை மூடும் சிறு கிண்ணம், 200 மில்லிவோல்ட் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை போதும். செல் தானே மின்சாரம் உண்டாக்குவதால் பேட்டரி தேவையில்லை. முள் மீட்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். இவ்வளவு சிறிய மாற்றம் அதில் தெரியாது.

கிண்ணத்தில் வாயு வெளியேற ஒரு துளை இருக்கட்டும். செல் அளப்பது சதவீதத்தை அல்ல, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தரும் பங்கை. துளை அடைத்தால் அளவு ஏறிவிடும்.

அடுத்து அளவுதிருத்தம், அதாவது தெரிந்த ஒரு வாயுவைக் காட்டி அளவைச் சரிசெய்வது. நான் தவறியது இங்கேதான். குளச்சல் கடற்கரையில் செல்லைக் காற்றில் காட்டினேன், 10.2 மில்லிவோல்ட். அதை உலர்ந்த காற்றின் ஆக்சிஜன் பங்கான 20.9 சதவீதம் என்று கொண்டேன். 32 சதவீத ஆக்சிஜன் கலவை 16.2 காட்டியது. 16.2ஐ 10.2ஆல் வகுத்து 20.9ஆல் பெருக்கினால் 33.2! கலவையைத்தான் முதலில் சந்தேகித்தேன். பிறகு சிலிண்டரில் அடைத்த சாதாரணக் காற்றைச் செலுத்தியபோது மீட்டர் 10.5 காட்டியது. அதை வைத்துக் கணக்கிட்டால் கலவை 32.2.

காரணம் ஈரம். நம் கரையோரக் காற்றில் நீராவி இடம்பிடிப்பதால் ஆக்சிஜன் பங்கு ஏறத்தாழ 20.3 ஆகக் குறைகிறது. சிலிண்டர் காற்று உலர்ந்தது. இந்தப் பிழையோடு ரீபிரீதரை அளவுதிருத்தினால், கருவி ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை 1.3 பார் என்று காட்டும்போது உண்மையில் இருப்பது 1.26தான். ஆழத்தில் உடலில் சேரும் நைட்ரஜனை நாம் குறைத்துக் கணக்கிட்டு, மேலேறும் வழியில் நிற்கவேண்டிய நேரத்தையும் குறைத்துவிடுவோம். ஆகவே எப்போதும் சிலிண்டர் காற்றிலேயே அளவுதிருத்துங்கள்.

கடைசியாகத் தூய ஆக்சிஜன். 10.5 காட்டிய செல் இதில் சுமார் 50.2 காட்டவேண்டும். கணிசமாகக் குறைந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ஆக்சிஜன் செல்லும் பாதையில் எண்ணெயோ சாதாரண கிரீஸோ துளியும் படக்கூடாது; தீப்பிடிக்கும்.

பிற்சேர்க்கை: அளவு நிலையாக நிற்கவில்லை என்று முட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நாகர்கோவிலில் ஏசி அறையில் இருந்த செல்லை நேராகக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதன் முகப்பில் நீர்த்துளி படிந்துவிட்டது. செல் இருக்கும் உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுச் சோதியுங்கள்.