துப்பாக்கி உரிமத்துக்கு மருத்துவச் சான்று: மருத்துவரிடம் போவதற்கு முன் திரட்ட வேண்டிய பழைய ஆவணங்கள்

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்தில் ரப்பரும் வாழையும் வைத்திருப்பவர், படையிலிருந்து ஓய்வு பெற்று வந்து காவலர் பணிக்குப் போக நினைப்பவர், தகப்பனார் காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு வாரிசாக உரிமம் கேட்பவர் என்று, குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்த விண்ணப்பத்தோடு வருபவர்கள் பல வகையினர். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை இவர்கள் எளிதில் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவச் சான்றைத்தான் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டு, "தெரிந்த டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, விண்ணப்பத்தோடு எஸ்-3 என்ற படிவத்தில் மருத்துவச் சான்று இணைக்கப்பட வேண்டும். விண்ணப்பதாரரின் மனநலத்தையும் உடல் தகுதியையும் பற்றி மருத்துவர் அதில் எழுத வேண்டும் என்பதோடு, அவர் மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையாக இல்லை என்பதையும் தனியே குறிப்பிட வேண்டும். வெறும் காய்ச்சலுக்கும் விடுப்புக்கும் எழுதித் தரும் சான்று போன்றதல்ல இது. ஒருவர் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி இருக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு மருத்துவர் தம் பதிவு எண்ணைப் போட்டுப் பதில் சொல்கிறார். உங்களை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர், பத்து நிமிடப் பேச்சையும் ரத்த அழுத்த அளவையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் உடலின் கடந்த காலம் காகிதத்தில் அவர் மேசைமேல் இருந்தால்தான் அவரால் மனச்சாட்சியோடு எழுத முடியும்.

என் சித்தப்பாவுக்கு இது நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, மறுநாள் ஒரு முறை வலிப்பு வந்து, திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார். பிறகு அங்கிருந்த மருத்துவர்களே நிறுத்தச் சொன்னார்கள். உரிமத்துக்காகச் சான்று கேட்டுப் போனபோது அவர் இதை மறைக்காமல் சொன்னார். மருத்துவர் கேட்டவை மூன்றே கேள்விகள்தாம்: கடைசியாக வலிப்பு எப்போது வந்தது, மாத்திரையை நிறுத்தியது யார், நிறுத்திய பிறகு மூளை அலைப் பரிசோதனை எடுத்தார்களா? மூன்றுக்கும் சித்தப்பாவிடம் வாய்ப்பதில் இருந்தது, காகிதம் இல்லை. "காகிதத்தைக் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன்" என்று அவர் திருப்பி அனுப்பியது முழுக்க நியாயமான செயல் என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

எந்தெந்த ஆவணங்கள்?

எல்லாக் காகிதங்களும் தேவையில்லை. வலிப்பு, பக்கவாதம், தலைக்காயம், கைநடுக்கம், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கியது, கண்புரை அறுவைக்குப் பிந்திய பார்வை அளவு, காது கேளாமை, மனநலச் சிகிச்சை, குடிமீட்புச் சிகிச்சை, தொடர்ந்து சாப்பிடும் தூக்க மாத்திரை ஆகியவை தொடர்பானவையே முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி (மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்), கடைசியாகப் பார்த்த மருத்துவரின் குறிப்பு, கடைசிப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். ஸ்கேன் படலத்தைவிட, அதைப் படித்து எழுதிய அறிக்கைத் தாளே பயன்படும். முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வசதி உண்டு: விடுவிப்பின்போது நடந்த மருத்துவக் குழுப் பரிசோதனையின் பதிவில் 'ஷேப்' என்ற வகைப்பாடு இருக்கும். மனநிலை, செவித்திறன், கைகால், உடல்வலு, பார்வை ஆகிய ஐந்தையும் தனித்தனியாக மதிப்பிட்டதன் சுருக்கம் அது. அதன் நகலை வீட்டில் தேடிப் பாருங்கள். ஆனால் அது ஓய்வு பெற்ற நாளின் நிலையைக் காட்டுவதுதான். இன்றைய நிலைக்கு அதுவே சான்றாகிவிடாது.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு

பல மருத்துவமனைகளில் "ஃபைல் எங்களுடையது, தர முடியாது" என்று சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வர வேண்டாம். மருத்துவர்களின் தொழில் நெறி பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், கேட்டதை ஒப்புக்கொண்டு 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தராமல் இழுத்தடிப்பது தொழில் நெறி மீறலாகவே அதில் சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனையானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றிருந்தால் கேரளக் கவுன்சிலிலும் முறையிடலாம். ஆனால் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போக வேண்டி வராது. விதியைக் குறிப்பிட்டு, எழுத்தில், நிதானமாகக் கேட்டாலே ஃபைல் வெளியே வந்துவிடும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: "நான் தங்கள் மருத்துவமனையில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இன்ன உள்நோயாளி எண்ணில், தலைக்காயத்துக்காகச் சிகிச்சை பெற்றேன். டிஸ்சார்ஜ் சம்மரி, மூளை ஸ்கேன் அறிக்கை, தொடர் சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை, 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணத்தைச் செலுத்தச் சம்மதிக்கிறேன். ஆதார் நகலும் பழைய ஓ.பி. சீட்டின் நகலும் இணைத்துள்ளேன்." எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, உங்கள் ஆவணத்தை நீங்கள் கேட்பதற்குக் காரணம் சொல்லும் கடமை இல்லை. இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மகனோ மகளோ போவதானால், உங்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, அதிலும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு, பெயர்ப் பொருத்தம் ஒரு தனித் தொல்லை. எல்லையைத் தாண்டிப் போய்ச் சிகிச்சை பெறும்போது வீட்டுப்பெயரைச் சேர்த்துப் பதிந்துவிடுகிறார்கள். ஆதாரிலோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயருக்குப் பின்னால் வீட்டுப்பெயர் இருந்தது, முதலெழுத்து இல்லை, வயதும் இரண்டு கூடுதலாக இருந்தது. ஆவணப் பிரிவில் இருந்தவர் முதலில் தயங்கினார். சித்தப்பாவின் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த, மடிப்பு ஓரங்கள் கிழிந்து மஞ்சளாகிப்போன ஓ.பி. சீட்டை விரித்துக் காட்டியபோது, அதில் இருந்த எண்ணும் கணினியில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் எழவில்லை. ஆகவே பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது.

அரசு மருத்துவமனைகளில் இன்னொரு வழியும் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, வட்ட அளவிலான அரசு மருத்துவமனையிலோ நேரில் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அவசரம் இருப்பவர்களுக்கு இது இரண்டாம் வழியாகத்தான் இருக்க முடியும்.

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்ட ஃபைலை அழித்துவிட்டதாகச் சொன்னால், அப்படி அழித்துவிட்டதையே எழுத்தில் தரும்படி கேளுங்கள். பிறகு, சிகிச்சைக்குக் காப்பீடு பயன்படுத்தியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடமும், மாத்திரை எழுதிவந்த உள்ளூர் மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள். எங்குமே கிடைக்காவிட்டால், அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் இப்போது புதிதாகப் பரிசோதனை செய்துகொண்டு, அவருடைய கருத்தை எழுத்தில் வாங்குவதே நேர்மையான வழி.

மனநலச் சிகிச்சை பெற்றிருந்தால்

பலரும் பயந்து மறைப்பது இதைத்தான். மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னால் உரிமம் கிடைக்காது என்று நினைத்து, அந்த ஆவணத்தை மட்டும் பையிலிருந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும் என்பது படைக்கலச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் முன்பு மனநலச் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்று அவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்யப் போதுமான காரணமாகாது. தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தாலன்றி, மனநோய் இருப்பது மட்டுமே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று பொருள்படாது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை உங்களுக்கு அளிக்கிறது. சிகிச்சை அளித்த மனநல மருத்துவரிடமே சென்று, எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடிந்தது, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். முழு ஃபைலைவிட அந்த அரைப் பக்கம் உங்களுக்கு அதிகம் உதவும்.

சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருந்தாலோ, தற்கொலை எண்ணம் அண்மையில் வந்திருந்தாலோ, விண்ணப்பத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியைக் காப்பதற்கு வேலி உட்பட வேறு வழிகள் இருக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருந்தால், ஒரு கெட்ட இரவில் வந்து போகும் எண்ணம்கூடத் திரும்ப முடியாத செயலாக முடிந்துவிடும்.

மருத்துவரிடம் போகும் நாள்

திரட்டியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரே தாளில் சுருக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எஸ்-3 படிவம், ஆதாரின் மூலப்பிரதி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கண்ணாடி, காது கருவி ஆகியவையும் உடன் இருக்கட்டும். தாம் தரும் சான்றுகளுக்கு மருத்துவர் ஒரு பதிவேடு வைத்து, அதில் உங்கள் முகவரியையும் அங்க அடையாளம் ஒன்றையாவது எழுதி, கையொப்பமோ கைரேகையோ வாங்கி, சான்றின் நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மேலே சொன்ன விதிமுறைகளிலேயே இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள அங்க அடையாளத்தையே சொல்லுங்கள். பதிவேடும் பரிசோதனையும் இல்லாமல், நீங்கள் வராமலேயே கையொப்பமிட்டுத் தர ஒருவர் முன்வந்தால் அந்தச் சான்றை வாங்காதீர்கள். பின்னால் ஏதேனும் நடந்து விசாரணை வந்தால், அது உங்களையும் காக்காது, அவரையும் காக்காது.

ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியது எஸ்-3 படிவம்தான். உங்கள் மருத்துவ ஃபைல் முழுவதையும் விண்ணப்பத்தோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது நீங்களும் உங்கள் மருத்துவரும் பார்ப்பதற்கானது. அலுவலகம் ஏதேனும் ஒரு நோயைக் குறித்து விளக்கம் கேட்டால், அதற்குரிய தாளின் நகலை மட்டும் கொடுங்கள். சான்றின் நகலையும், மருத்துவரின் பதிவேட்டு எண்ணையும், திரட்டிய ஆவணங்களையும் ஒரே உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. அதற்குள் புதிதாக ஏதேனும் சிகிச்சை பெற்றால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் அன்றே அதே உறையில் சேர்த்துவிடுங்கள்.