பழைய கிளாசில் புதிய முத்திரையா? லென்ஸ் வைத்துப் பார்க்கும் முறை

புறக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடை. வைன் கிளாஸ் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "தம்பி, ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்றார் கடைக்கார நானா. கிண்ணத்தில் வி.ஓ.சி. முத்திரை. (கப்பலோட்டிய தமிழனை நினைத்துவிடாதீர்கள், இது 1656 முதல் 1796 வரை கொழும்பைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பனி.) வாங்கிவிட்டேன். கிளாஸ் பழையதுதான். முத்திரைதான் பிறகு வெட்டியது. வெறும் கிளாசைவிடச் சின்னம் ஏறிய கிளாசுக்கு விலை அதிகம் அல்லவா?

தேவையானவை: செட்டியார் தெரு நகைக்கடைகளில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ், சிறிய டோர்ச், கறுப்புத் துணி.

1. கிளாசைக் கவிழ்த்துப் பாதத்தின் விளிம்பைப் பாருங்கள். காலங்காலமாக மேசையில் உரசிய கீறல்கள் தாறுமாறாக ஓடும். சாண்ட் பேப்பரால் தேய்த்தவை ஒரே திசையில் கிடக்கும். இது கிளாசின் வயதை மட்டுமே சொல்லும். நான் இந்தப் படியோடு நின்றதுதான் பிழை.

2. கறுப்புத் துணியைக் கிண்ணத்துக்குள் திணித்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டு பளிச்சென்று எழும். இனி லென்ஸால் பழைய கீறல் ஒன்றைத் தேர்ந்து, அது முத்திரையைத் தொடும் இடம்வரை பின்தொடருங்கள். முத்திரையும் பழையதென்றால் வெட்டின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். கீறல்கள் அந்த ஓரத்தையும் சற்றே கடித்திருக்கும். என் கிளாசில் 'V' எழுத்தின் இடது காலருகே மயிரிழைக் கீறல் ஒன்று வந்து, கத்தரித்தாற்போல் அறுந்து, மறுகரையில் தொடர்ந்தது. ஓரத்தில் ஒரு சிராய்ப்பும் இல்லை. அதாவது கீறல் முதலில், எழுத்து பிறகு.

3. வெட்டின் நிறம். பழையது சாம்பல் பூத்திருக்கும். புதியது மாவு அப்பியதுபோல் வெள்ளையாக இருக்கும். அதை மறைக்க அழுக்கைத் தேய்த்துவிடுவதும் உண்டு. கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றுங்கள். எனக்குப் பஞ்சு பழுப்பாகியது, எழுத்து வெளுத்தது.

4. தங்கப் பூச்சு, வண்ணப் பூச்சு இருந்தால் ஈரப் பஞ்சு வேண்டாம், லென்ஸ் போதும். சூளையில் சுடாமல் மேலே பூசிய வண்ணம் ஓரங்களில் செதிலாக உரியும்.

அடுத்த முறை அதே கடையில் லென்ஸை வெளியே எடுத்ததும் நானா சிரித்துவிட்டார். "முத்திரைக்குக் காசு வேண்டாம் தம்பி, கிளாசுக்கு மட்டும் தாருங்கள்."