40 பிள்ளைகள், 25 கிலோ களிமண்: பள்ளியிலும் குடியிருப்பிலும் மண்பொம்மைப் பயிலரங்கு நடத்தும் முறை

களிமண் பயிலரங்கு சொதப்பினால் அதற்கான காரணம் பெரும்பாலும் முதல் நாளே உருவாகியிருக்கும். மண் இறுகிக் கிடக்கும், அல்லது கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மண்ணில் பிள்ளைகளின் கைத்திறனைப் பார்க்கவே முடியாது. அதனால் மண்ணிலிருந்தே தொடங்குவோம். கீழே உள்ள கணக்கு 40 பிள்ளைகளுக்கு, ஒன்றரை மணி நேரத்துக்கு.

மண்

பக்கத்தில் மண்பாண்டம் வனைகிறவர் இருந்தால் அவரிடமே சொல்லிவைப்பது நல்லது. வெறும் களிமண் என்று கேட்காதீர்கள். “பானை வனையப் பிசைஞ்ச மண்ணு” என்று கேளுங்கள். கல், வேர் நீக்கி, மணல் கலந்து, மிதித்துப் பதமாக்கிய மண் அது. ஏரியில் நீங்களே போய் வெட்டிக்கொண்டு வரும் யோசனை வேண்டாம். அதற்கு அனுமதி வாங்க வேண்டும். தவிர, ஏரி மண்ணில் இப்போதெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது.

ஒரு பிள்ளைக்கு அரை கிலோ, அதாவது நல்ல சாத்துக்குடி அளவு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு டென்னிஸ் பந்து அளவு போதும், அது ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். 40 பேருக்கு 20 கிலோ ஆகிறது. செய்து காட்ட 2 கிலோ, ஒட்டும் குழம்புக்கு 1 கிலோ, கையிருப்பாக 2 கிலோ என்று சேர்த்தால் 25 கிலோ.

காய்ந்த மண்தான் கிடைக்கிறது என்றால் ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். சுமார் 19 கிலோ வேண்டும். கட்டிகளை உடைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு ஒரு இரவு விடுங்கள். முழுக்கக் காய்ந்த கட்டி தண்ணீரில் தானாகவே கரையும். அரைகுறை ஈரத்தோடு போட்டால் உள்ளே கட்டி கட்டியாகவே நிற்கும். மறுநாள் கலக்கி, கொசுவலையில் வடிகட்டி, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்துவிடுங்கள். மிஞ்சும் குழம்பைப் பழைய வேட்டியில் ஊற்றி, மணல் தரையில் இரண்டு மூன்று நாள் பரப்பினால் நீர் வற்றிப் பிசையும் பதத்துக்கு வரும். மண் அதிகம் வெடிக்கிற வகையாக இருந்தால் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேருங்கள்.

பதம் பார்ப்பது எளிது. பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றிக்கொண்டு, கழற்றும்போது விரலில் ஒட்டாமல் வந்தால் பதம் சரி. வெடித்தால் தண்ணீர் தெளித்து மறுபடி பிசைய வேண்டும். ஒட்டினால் மண்ணைக் காய்ந்த சாக்கின்மேல் அரைமணி நேரம் பரப்பிவைக்க வேண்டும். இந்தச் சோதனையை முதல் நாள் மாலையில் ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் செய்யுங்கள். ராத்திரியில் பதம் மாறிவிடும்.

உருண்டைகளை முன்கூட்டியே பிரித்துவைக்கலாம். தூண்டில் நரம்பால் வெட்டினால் மண் சுத்தமாகத் துண்டாகும். பிரித்ததை ஈரச் சாக்கால் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

இடமும் சாமானும்

தரையில் விரிக்கப் பழைய பேனர் துணியைவிட நல்லது எதுவும் இல்லை. படம் இல்லாத வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் படத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். செய்தித்தாள் வேண்டாம், நனைந்து மண்ணோடு கலந்துவிடும்.

ஆளுக்கொரு அட்டை அல்லது பழைய டைல்ஸ் துண்டு, அதன்மேல் ஒரு சிறு பருத்தித் துணி. இந்தத் துணியை விட்டுவிடாதீர்கள். மண் காயும்போது நீள அகலத்தில் பத்தில் ஒரு பங்குவரை சுருங்கக்கூடும். பொம்மையின் அடி டைல்ஸில் ஒட்டியிருந்தால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளந்துபோகும். துணி இருந்தால் அடியும் சேர்ந்து நகரும்.

கருவிகளுக்கு ஈர்க்குச்சி, ஐஸ் குச்சி, பல் உடைந்த சீப்பு போதும். தண்ணீருக்கு நான்கு பேருக்கு ஒரு நனைத்த ஸ்பஞ்சு. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வைக்கவே கூடாது. கிண்ணம் இருந்தால் பத்தே நிமிடத்தில் பாதிப் பேரின் யானை சேறாகிவிடும். விரிசலைக் கண்டதும் தண்ணீர் தொட்டுத் தடவுவது பிள்ளைகளின் இயல்பு. தடவத் தடவ மேற்பரப்பு குழைந்து கால் மடங்கும்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு உதவியாளர். கையில் காயம் உள்ள பிள்ளைக்கு உறை கொடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ஒன்றரை மணி நேரம்

முதல் பத்து நிமிடம் எதுவும் செய்யச் சொல்லாதீர்கள். அமுக்கட்டும், கிள்ளட்டும், தரையில் அறையட்டும். அந்த ஆசை தீராமல் பாடம் காதில் ஏறாது. அடுத்த பத்து நிமிடம் செய்முறை, 45 நிமிடம் செய்வது, 10 நிமிடம் திருத்துவது, கடைசி 15 நிமிடம் சுத்தம் செய்வது. சுத்தத்துக்கான நேரத்தைக் கடன் வாங்கினால் அடுத்த பீரியட் ஆசிரியர் உங்களை மறுமுறை உள்ளே விடமாட்டார்.

வேலை தொடங்கும் முன்பே அடிப்பாகத்தில் ஈர்க்குச்சியால் வகுப்பும் வரிசை எண்ணும் கீறச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு ஒட்டினால் காயும்போது உதிர்ந்துவிடும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அகல் விளக்கு சரி. உருண்டையில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி எடுத்தால் போதும். மூன்றாம் வகுப்பு முதல் யானை செய்யலாம். சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார் கேட்பார்கள். பள்ளியில் “யானை முகம்” என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. பிள்ளையார் வேண்டுமென்கிறவர் பிள்ளையார் செய்துகொள்வார்.

பிள்ளையாருக்கு அரை கிலோவை இப்படிப் பிரிக்கலாம்: பீடம் 100 கிராம், வயிறு 160, கால் இரண்டும் சேர்த்து 80, கை இரண்டுக்கும் 50, தும்பிக்கையோடு தலை 80, காதுகள் 20, கிரீடம் 10. தராசு வேண்டாம். “மண்ணைப் பாதியாக்கு, ஒரு பாதி பீடமும் வயிறும், மறுபாதியில் மற்றதெல்லாம்” என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக வரும். தும்பிக்கையைத் தனியாகச் செய்து ஒட்டாமல், தலை உருண்டையிலிருந்தே இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். தனியே ஒட்டினால் முதலில் விழுவது அதுதான்.

ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈர மண்ணோடு ஈர மண்ணை வெறுமனே அமுக்கினால் அப்போதைக்கு நிற்கும், காய்ந்ததும் கழன்றுவிடும். ஒட்டப்போகும் இரண்டு பக்கத்தையும் சீப்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். இட்லி மாவுப் பதத்தில் கரைத்த மண்குழம்பை இரண்டு பக்கமும் தடவ வேண்டும். பிறகு வைத்து, லேசாகத் திருகி அமுக்கி, சுற்றிலும் பிதுங்கும் குழம்பை விரலால் வழித்து மூட வேண்டும். கீறு, தடவு, திருகு, வழி. இந்த நாலு சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்.

தலை நிற்கவில்லை என்று தீக்குச்சி செருகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மண் சுருங்கும், குச்சி சுருங்காது, கழுத்தைச் சுற்றி வெடிப்பு ஓடும். கண்ணுக்குப் பயறு பதித்தாலும் இதே வம்புதான், அது ஈரத்தை உறிஞ்சி ஊதி முகத்தையே பிளக்கும். குன்றிமணியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. அழகுதான், ஆனால் மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதில் இருக்கிறது. பென்சில் முனையால் குத்தினால் கண் ஆயிற்று.

உதவியாளருக்கு ஒரே கட்டளை: பிள்ளையின் பொம்மையைத் தொடக்கூடாது. “மிஸ், காது விழுந்துடுச்சு” என்று கூப்பிட்டால், தன் கையில் இருக்கும் மண்ணில் காது ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு பொம்மையைத் திருத்திக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதும் வரிசையில் வந்து நிற்கும். மாதிரிப் பொம்மையையும் செய்முறை முடிந்ததும் கலைத்து உருட்டிவிடுங்கள். அது மேசையில் இருக்கும்வரை எல்லாரும் அதையே பார்த்துச் செய்வார்கள்.

குடியிருப்பில் நடத்தினால் சிக்கல் வேறு. அங்கே பெற்றோர் கூடவே உட்காருவார்கள், சிறிது நேரத்தில் மண் அவர்கள் கைக்குப் போயிருக்கும். அவர்களுக்கும் தனியாக ஆளுக்கு 300 கிராம் கொடுத்துவிடுங்கள். பிரச்சினை தீரும். மொத்தக் கணக்கில் இதைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

கைகழுவல்

நேராகக் குழாயடிக்கு அனுப்பினால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் மண்ணைக் கழுவி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் முடித்து, பிறகே சோப்பும் குழாயும். தரையில் உதிர்ந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த மண்தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

காயவைத்தல்

பொம்மையை அன்றே பையில் போட்டு அனுப்பக்கூடாது. முதல் இரவு பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடிவையுங்கள். காதும் தும்பிக்கையும் மெலிசு, சீக்கிரம் காயும். வயிறு பின்தங்கும். இந்த ஏற்றத்தாழ்வால்தான் இணைப்பில் வெடிக்கிறது. இரண்டாம் நாள் தாளை எடுத்து, காற்று நேராக அடிக்காத நிழலில் வைத்து, தினம் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாளாகும், மழை பிடித்தால் பத்து. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வெடிப்பு விழுந்தால் அதே மண்ணின் குழம்பில் ஊறவைத்து மசித்த காகிதம் கொஞ்சம் கலந்து நிரப்பலாம். காகித நார் பிடித்துக்கொள்ளும்.

சூளையில் சுட நினைத்தால் கனத்தை ஒரு அங்குலத்துக்குள் வைத்து, வயிற்றை உள்ளே குடைந்து, ஒரு துளை விட வேண்டும். சூளையில் வெடிப்பதற்குக் காரணம் காற்றுக் குமிழ் என்பார்கள். உண்மையில் காயாமல் மிஞ்சிய ஈரம் நீராவியாகித்தான் உடைக்கிறது. கரைக்கப்போகும் பிள்ளையாரைச் சுடவே கூடாது, சுட்ட மண் கரையாது. வண்ணம் வேண்டுமானால் மஞ்சள்தூளும் காவியும் போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தவிர்க்கச் சொல்லி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மண்ணில் செய்துவிட்டு மேலே எனாமல் பூசினால் அதற்கும் அர்த்தமில்லை. கரைப்பதற்கு வீட்டில் ஒரு வாளி தண்ணீர் போதும், ஆனால் சிலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் மறுநாளும் கட்டியாகவே கிடக்கும்.

கைகழுவிய வாளிகளை ஒரு இரவு அசையாமல் விடுங்கள். தெளிந்த நீர் செடிக்கு. அடியில் படிந்த மண்ணைத் துணியில் வடித்து, மிச்ச உருண்டைகளோடு பிசைந்து, ஈரச் சாக்கும் பிளாஸ்டிக்கும் சுற்றி நிழலில் வையுங்கள். சில வாரத்தில் லேசாக நாற்றம் வரும், கறுப்பும் தட்டும். அது கெட்டுப்போகவில்லை, புளித்திருக்கிறது. அடுத்த முறை அதே மண் இன்னும் நன்றாக வளையும்.