நெல்லு கொள்முதல் நிலையத்துக்கு ஏத்துறதுக்கு முன்னாடி நாம பண்ற தப்புங்க

காவிரி டெல்டாவுல அறுவடை சமயத்துல, அரசு நெல்லு வாங்கற எந்த கொள்முதல் நிலையத்துக்கு போனாலும் ஒரு வாக்குவாதம் ஓடிட்டே இருக்கும், ஈரப்பதம் ஜாஸ்தின்னு நிலையத்துக்காரங்க சொல்லுவாங்க, நேத்து பூரா காயப்போட்ட நெல்லுங்க இதுன்னு விவசாயி சொல்லுவாரு. ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். ஏன்னா நெல்லோட தரம் அங்க ஈரம் பாக்கற மீட்டர்ல முடிவாகறது இல்ல, வயல்லயும் களத்துலயும் நாம என்ன பண்ணோமோ அதுலயே பாதி முடிஞ்சிருது. அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே பாத்துக்க வேண்டியத சொல்லிடறேன்.

முதல்ல விதிமுறை என்னன்னு தெரிஞ்சுக்காம போறது. மத்திய அரசு ஒவ்வொரு சீசனுக்கும் நாடு முழுக்க ஒரே மாதிரி தர அளவு வெளியிடும், அத வெச்சுதான் நம்ம நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லு எடுக்குது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்க கூடாது, கல்லு மண்ணு 1 சதவீதம், பதரு வைக்கோல் தூசு மாதிரி குப்பை 1 சதவீதம், சேதமான, நிறம் மாறுன, முளைச்ச, வண்டு அரிச்ச நெல்லு எல்லாம் சேத்து 5 சதவீதம், முத்தாத சுருங்கிப்போன நெல்லு 3 சதவீதம், சன்ன ரகத்துல மோட்டா ரக (குண்டு நெல்லு) கலப்பு 6 சதவீதம். நம்மாளுங்க எல்லாரும் அந்த 17ஐ மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க, ஆனா ஈரம் சரியா இருந்தும் கருக்காயும் (உள்ள அரிசி பிடிக்காத பதரு) தூசியும் ஜாஸ்தின்னு திரும்பி வர்ற லோடு எத்தனையோ இருக்கு.

கருக்காய் நெல்லோட கலந்து வர்றதுக்கு காரணம் பெரும்பாலும் அறுவடை மெஷின ஓட்டற விதம்தான். வாடகை மணிக்கணக்குல ஓடுதேன்னு சீக்கிரம் முடிங்கன்னு விரட்டுனா டிரைவர் வேகமா ஓட்டிட்டு போயிடுவாரு, காத்து செட்டிங் சரியா வெக்கலன்னா பதரும் தூசியும் நெல்லோடயே வந்து டேங்க்ல விழும். முதல் டேங்க் கொட்டுனதும் ரெண்டு கையால அள்ளி பாருங்க, பதரு கண்ணுக்கு தெரியுதுன்னா அப்பவே நிறுத்தி காத்த கூட்ட சொல்லுங்க. அதே மாதிரி தை மாச பனில காலைல 7 மணிக்கே மெஷின இறக்காதீங்க, கதிர் மேல பனி காஞ்சு வெயில் ஏறட்டும், பனியோட அறுத்த நெல்ல அப்புறம் காய வைக்க ஒரு நாள் கூட ஆகும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே தண்ணிய வடிச்சிருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பண்றவங்க கம்மி.

அடுத்தது தார்ப்பாய். இதுல தான் ரொம்ப பேர் நஷ்டப்படறாங்க. மெஷின்ல இருந்து வந்த நெல்லு 20, 22ன்னு ஈரத்தோட சூடா இருக்கும், மழை வந்துரும்னு பயத்துல அப்படியே குவிச்சு தார்ப்பாய இறுக்கி மூடி ரெண்டு மூணு நாள் விட்டா உள்ள புழுங்கி நெல்லு மஞ்சளாகும், அடியில முளை கட்டும். ஈரம்னா இன்னொரு வெயில்ல காய வெச்சு சரி பண்ணிடலாம், நிறம் மாறுனத எந்த வெயிலாலயும் சரி பண்ண முடியாது, அது நேரா அந்த 5 சதவீத கணக்குல போய் உக்காந்துரும். மூடுனா மழை விட்டதும் திறந்து கிளறி விடுங்க, அடியில வைக்கோல் இல்லன்னா பலகை போட்டு தண்ணி ஓட சின்ன வாய்க்கால் எடுத்து விடுங்க. ரோட்டுல காய வைக்கறதையும் முடிஞ்சவரைக்கும் தவிர்க்கணும், களம் பத்தலங்கற கஷ்டம் புரியுது, ஆனா ஜல்லியும் மண்ணும் சேர்ந்துரும், அதோட நைட்ல பைக்ல வர்றவன் உயிருக்கே ஆபத்து.

அதுக்காக ரொம்ப காய வெச்சுடாதீங்க. இந்த கணக்க நிறைய பேர் போட்டு பாக்கறதே இல்ல. 20 சதவீத ஈரத்துல இருக்கற 100 கிலோ நெல்லு 16க்கு வந்தா 95 கிலோ சொச்சம் நிக்கும், 12 வரைக்கும் காஞ்சா 91 கிலோ தான். 12ல கொண்டு போனாலும் 16ல கொண்டு போனாலும் குவிண்டாலுக்கு ஒரே விலை தான், அப்ப அந்த நாலு கிலோ சும்மா ஆவியா போச்சு. 15, 16 வந்ததும் அள்ளிடறது தான் புத்திசாலித்தனம். பழைய ஆளுங்க நெல்ல உரிச்சு அரிசிய கடிச்சு பாப்பாங்க, டக்குனு உடைஞ்சா காஞ்சிருக்கு, நசுங்குனா இன்னும் ஈரம்னு அர்த்தம், அது ஒரு குத்துமதிப்புக்கு சரி, ஆனா 17க்கும் 18க்கும் வித்தியாசம் பல்லுக்கு தெரியாது, மீட்டர் இருக்கற எடத்துல ஒரு தடவ பாத்துக்கோங்க. பாக்கும்போது குவியலோட மேல இருந்து மட்டும் ஒரு பிடி எடுக்காம நடுவுல, அடியில, ஓரத்துலன்னு எடுத்து கலந்து பாக்கணும், மேல 15 காட்டும் அடியில 19 இருக்கும். வெயில்ல கொதிச்ச நெல்ல சூட்டோட போட்டாலும் ரீடிங் சரியா வராது, கொஞ்சம் நிழல்ல ஆற விடுங்க.

ரகத்த கலக்கறது இன்னொரு தப்பு. 2025-26 சீசனுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேத்து சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2545 ரூபா, பொது ரகம் 2500 ரூபா. பிபிடி மாதிரி சன்னம் ஒரு பக்கம், சிஆர் 1009, ஏடிடி 37 மாதிரி குண்டு நெல்லு இன்னொரு பக்கம்னு போட்டவங்க ஒரே களத்துல காய வெச்சு ஓரம் கலந்துட்டா 6 சதவீதம்லாம் சுலபமா தாண்டிடும், சன்னத்துக்கு கூடுதலா வர வேண்டிய 45 ரூபா போயிடும். மெஷின் பக்கத்து வயல்ல வேற ரகம் அறுத்துட்டு வந்துச்சுன்னா டேங்க காலி பண்ணிட்டு இறக்க சொல்லுங்க.

17க்கு மேல ஈரம் இருந்தாலும் எடுப்பாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்ற தளர்வு செய்திய நம்பி ஈர நெல்ல ஏத்தாதீங்க. 2022 அக்டோபர்ல 19 சதவீதம் வரைக்கும், 2023 பிப்ரவரில 20 வரைக்கும் மத்திய அரசு அனுமதிச்சது உண்மை, ஆனா அதெல்லாம் மழையால பயிர் சேதமான அந்த சமயத்துக்கு மட்டும் போட்ட உத்தரவு. மாநில அரசு கேட்டிருக்குன்னு வர்ற செய்தியும் மத்திய அரசு குடுத்துருச்சுங்கறதும் வேற வேற. உங்க நிலையத்துக்கு உத்தரவு வந்துச்சான்னு கேட்டுட்டு வண்டிய எடுங்க.

பேப்பர் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். சிட்டா (நிலம் யார் பேர்லங்கற பதிவு), அடங்கல் (நிலத்துல என்ன பயிர்ங்கற பதிவு), ஆதார், பேங்க் பாஸ்புக்கு எல்லாத்துலயும் பேரு ஒத்துப்போகணும், அடங்கல்ல இந்த சீசன் பயிர் ஏறியிருக்கான்னு அறுவடைக்கு முன்னாடியே விஏஓகிட்ட பாத்துருங்க, குத்தகைக்கு பண்றவங்க கடைசி நேரம் வரைக்கும் தள்ளிப்போடவே கூடாது. பணம் அக்கவுண்ட்டுக்கு தான் வரும், அக்கவுண்ட் முடங்கி கெடந்தா அங்கயே நிக்கும். ஒரு விஷயத்த மட்டும் கெஞ்சி கேக்கறேன், வியாபாரி நூறு இருநூறு குடுக்கறான்னு உங்க சிட்டா அடங்கல குடுத்துடாதீங்க, வெளியூர் நெல்லு உங்க பேர்ல உள்ள போயிடும், அப்புறம் உங்க சொந்த நெல்ல கொண்டு போறப்ப இந்த நிலத்துக்கு ஏற்கனவே போட்டாச்சேன்னு கேப்பாங்க, பதில் சொல்ல வேண்டியது நீங்க.

கடைசியா எடை. சிப்பத்துக்கு, அதாவது ஒரு மூட்டைக்கு, நெல்லு 40 கிலோ, புது சணல் சாக்கு 580 கிராம், ஆக தராசுல 40 கிலோ 580 கிராம் தான் காட்டணும். அதுக்கு மேல ஒரு கிலோ வெச்சா 100 சிப்பத்துக்கு 100 கிலோ, 2025-26 சன்ன ரக விலைல 2545 ரூபா நம்ம கைய விட்டு போகுது. சிப்பத்துக்கு இவ்வளவுன்னு யாராவது தனியா காசு கேட்டாலும் அது லஞ்சம் தான், நாலஞ்சு விவசாயிங்க சேந்து கேள்வி கேட்டா தான் நிக்கும். காலி தராசு சைபர் காட்டுதா பாருங்க, முதல் சிப்பத்துல இருந்து கடைசி சிப்பம் வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க, சிப்பம் எண்ணிக்கை, ரகம், அக்கவுண்ட் நம்பர் மூணும் ரசீதுல சரியா இருக்கான்னு அங்கயே படிச்சு பாத்துட்டு வாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா திருத்தறதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்.