மிருதங்க லூப்புக்கு ஏற்ப சீக்வென்சரின் டெம்போவை அமைத்தல்

ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடும் சிறு ஒலித்துண்டு) சீக்வென்சருக்குள் (இசை அமைக்கும் மென்பொருள்) இழுத்துப் போட்டவுடன் அதன் டெம்போ, அதாவது வேகம், இதுதான் என்று மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை அப்படியே ஏற்காமல், கையால் தாளம் போட்டு எண்ணி, கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆதி தாளத்தில் வாசித்த ஒரு மிருதங்க லூப்பை ஏபிள்டன் லைவ் என்ற சீக்வென்சரில் பொருத்தும் முறையை இங்கே விளக்குகிறேன். வேறு மென்பொருளில் பொத்தான்களின் பெயர்கள் மாறுமே தவிர, கணக்கு மாறாது.

பெரும்பாலான பிழைகள் வெட்டும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் இடம்) விழும் சொல்லின், அதாவது மிருதங்க அடியின், தாக்கம் தொடங்கும் புள்ளியில் லூப் தொடங்கி, அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்று) சமம் விழும் புள்ளியில் முடிய வேண்டும். கடைசிச் சொல்லின் நாதம் அடங்கும் இடத்தைப் பார்த்து வெட்டினால் நீளம் தவறிவிடும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், தாக்கம் செங்குத்தாக எழும் இடம் தெளிவாகத் தெரியும். குறுகிய கோப்பு எதுவாயினும் அதைச் சரியாக வெட்டிய லூப் என்றே லைவ் எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்த வேலையில் பொறுமை மிகவும் அவசியம். எம்பி3 கோப்புகளின் தொடக்கத்தில் சிறிது மௌனம் சேர்ந்துவிடுவதுண்டு. ஆகவே வேவ் கோப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி கணக்கு. லூப்பிலுள்ள அட்சரங்களின் (தாளத்தை எண்ணும் அலகுகள்) எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, லூப்பின் நீளத்தை நொடியில் எடுத்து வகுத்தால் டெம்போ கிடைக்கும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். லூப்பின் நீளம் 6.4 நொடி என்றால், 480ஐ 6.4ஆல் வகுக்க 75 பிபிஎம் (நிமிடத்துக்கு 75 அட்சரம்) வருகிறது. வெட்டும்போது வெறும் 0.05 நொடி கூடுதலாக விட்டிருந்தால் விடை 74.42 ஆகிவிடும். பார்வைக்கு இது சிறிய வேறுபாடுதான். ஆனால் 75இல் ஓடும் மற்ற ட்ராக்குகளுடன் அந்த லூப்பை நீட்டிச் சுருக்காமல் அடுத்தடுத்து ஒட்டினால், பத்துச் சுற்று முடிவதற்குள் அது அரை நொடி பின்தங்கிவிடும். அட்சரம் ஒன்றுக்கு 0.8 நொடிதான் என்பதால், அதற்குள் தாளமே நழுவிவிடும்.

மென்பொருள் காட்டும் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தால் கிளிப் பகுதியிலுள்ள பொத்தான்களால் திருத்தலாம். திஸ்ர நடை லூப்புகளில் இன்னும் கவனம் தேவை. ஒவ்வோர் அட்சரத்திலும் மூன்று மாத்திரை விழுவதை மென்பொருள் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டால், 80 என்பது 120 ஆகத் தெரியும். அப்போது சரியான எண்ணை நாமே உள்ளிட வேண்டும்.

அடுத்து, பாடல் லூப்புக்கு இணங்க வேண்டுமா, லூப் பாடலுக்கு இணங்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். வேறு ட்ராக் எதுவும் பதிவாகவில்லை என்றால் சீக்வென்சரை 75க்கு மாற்றுவதே மேல் என்பது என் துணிபு. மிருதங்கத்தின் நாதம் சிறிதும் கெடாது. பாடல் ஏற்கெனவே 80இல் இருந்தால் லூப்பைத்தான் வேகப்படுத்த வேண்டும். அப்போது லைவில் லூப்பை நீட்டிச் சுருக்கும் முறைகளுள் ரீ-பிட்ச் முறையைத் தவிர்க்கவும். அதில் வேகத்துடன் சுருதியும் ஏறும். 75இலிருந்து 80க்குப் போனால் அரைக்கட்டைக்குச் (கட்டை என்பது சுருதியின் அளவு) சற்று மேலாகவே உயரும். ஒரு கட்டைக்குச் சுருதி சேர்த்த வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) ஒன்றரைக் கட்டையையும் தாண்டி ஒலித்தால் பாடகரின் சுருதியோடு அது சேராது.

தாள வாத்தியங்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது பீட்ஸ் முறை. வலந்தலைச் சொற்களுக்கு அது பொருந்தும். ஆனால் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) வழுக்கி எழும் கும்கி என்ற ஒலி நீண்டு ஒலிப்பது. லூப்பின் வேகத்தைக் குறைக்கும்போது பீட்ஸ் முறையில் அதன் வால் துண்டு துண்டாக நடுங்கும். கும்கி மிகுந்த லூப்புக்கு காம்ப்ளெக்ஸ் முறையையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கலைஞர் வாசித்ததில் இயல்பாகவே சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு சொல்லிலும் வார்ப் மார்க்கர் (ஒலியின் ஒரு புள்ளியைத் தாளத்தின் ஓர் இடத்தில் பொருத்தும் குறி) வைத்து அதைக் கட்டத்துக்குள் அடைத்தால் வாசிப்பின் உயிர் போய்விடும். முதல் தாக்கத்தில் ‘செட் 1.1.1 ஹியர்’ (இதுவே தொடக்கம் என்று குறிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு, சமத்திலும், தாளத்தின் முதல் பகுதியான லகு முடிந்து அடுத்த பகுதியான திருதம் தொடங்கும் ஐந்தாம் அட்சரத்திலும் மட்டும் மார்க்கர் வைத்தால் பெரும்பாலும் போதும்.

இறுதியாக, மற்ற ட்ராக்குகளை மௌனமாக்கி, மெட்ரோனோமுடன் லூப்பைப் பத்துச் சுற்று ஓடவிடுங்கள். பத்தாவது சுற்றின் சமத்திலும் மெட்ரோனோமின் ஒலியும் மிருதங்கச் சொல்லும் இரண்டாகப் பிரியாமல் ஒன்றாக விழுந்தால், மற்ற ட்ராக்குகளைத் திறக்கலாம்.