பழைய லேப்டாப்புக்கு 4கே மானிட்டர்: பணம் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, திரைதான் சின்னது, ஒரு பெரிய 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நல்ல யோசனையே. இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கம் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பலர் தமிழ் ஆசிரியர்கள், அப்புறம் கோவிலுக்குக் காவடி அழைப்பிதழ் தயாரித்துக் கொடுப்பவர்கள். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு நல்ல திரை அவசியம். ஆனால் மானிட்டரின் விலையையும் அளவையும் விசாரிக்கும் முன், உங்கள் லேப்டாப்பால் எவ்வளவு பெரிய படத்தை வெளியே அனுப்ப முடியும் என்று பார்த்துவிடுங்கள். ஏமாற்றங்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

படத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. பத்து வருடத்துக்கு முந்தைய துளையும் இன்றைய துளையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, 4கே படத்தை வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்ப 2.0 வேண்டும். அது 2013இல் வந்தது. ஆனால் "என் லேப்டாப் 2017இல் வாங்கியது, அப்படியானால் 2.0தான்" என்று கணக்குப் போடாதீர்கள். இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பல தலைமுறைகளாக 1.4இலேயே நின்றது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை லேப்டாப்புகளிலும் பலவற்றில் அதுதான். இன்னும் பழைய, 2011ஆம் ஆண்டு இரண்டாம் தலைமுறை என்றால் எச்டிஎம்ஐ வழியாக 1920க்கு 1200ஐத் தாண்டாது.

30 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 30 முறை, படம் வந்துவிடுகிறது என்பதால் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும், பக்கத்தை உருட்டினால் எழுத்துகள் குதிக்கும். ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். அப்படி ஒரு 4கே திரையைவிட, 60 ஹெர்ட்ஸில் ஓடும் 27 அங்குல 2560க்கு 1440 மானிட்டர் எவ்வளவோ மேல். அந்த அளவை எச்டிஎம்ஐ 1.4 உள்ள லேப்டாப்புகள் பெரும்பாலும் தாங்கும், விலையும் குறைவு. எழுத்து வேலைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

4கேதான் வேண்டும் என்றால் லேப்டாப்பின் ஓரங்களை இன்னொரு முறை பாருங்கள். அலுவலகங்களில் இருந்து வரும் பழைய லேப்டாப்புகளில் சின்னதாக ஒரு மினி டிஸ்ப்ளேபோர்ட், அதாவது படம் அனுப்பும் இன்னொரு வகைத் துளை, இருப்பது உண்டு. யாரும் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். 2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரம் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பக்கூடியது. இன்டெல்லின் நான்காம் தலைமுறையிலிருந்து, அதாவது 2013இலிருந்து, பல சிப்புகளில் அதற்கு ஆதரவு உண்டு. ஒரே லேப்டாப், எச்டிஎம்ஐயில் 30 தருவது, பக்கத்துத் துளையில் 60 தரும்! அந்தத் துளையிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேராகவே கேபிள் போடுங்கள். நடுவில் மலிவான எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் மறுபடியும் 30க்கோ அதற்கும் கீழேயோ போய்விடும். அடாப்டர் தவிர்க்கவே முடியாது என்றால், சமிக்ஞையைத் தானே மாற்றித் தரும் ஆக்டிவ் வகை, 4கே 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியது, அதைக் கேட்டு வாங்குங்கள். இந்த அடாப்டர்கள் ஒருவழிப் பாதை என்பதும் நினைவில் இருக்கட்டும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐயும் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால், இதையே திருப்பிப் போட்டு இணைக்க முடியாது.

யூஎஸ்பி-சி துளை இருந்தாலும் அதில் படம் வரும் என்ற உறுதி கிடையாது. சிலவற்றில் தரவும் சார்ஜும் மட்டும்தான். பழைய நீல நிற விஜிஏவை 4கேக்கு மறந்துவிடுங்கள். 2.1 என்று எழுதிய விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிளும் பழைய துளையைப் புதிதாக்காது.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் படம் மங்கலாக இருக்கிறதா? கேபிளைக் குறை சொல்லும் முன் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வுகள் வரும். இங்கே பலரிடம் பிரெஞ்சு விண்டோஸ்தான் இருக்கும், ஆனால் வரிசை அதேதான். இரண்டாவதாக உள்ள டூப்ளிகேட்டில் இருந்தால், லேப்டாப்பின் 1366க்கு 768 படமே பெரிய திரையில் இழுத்துப் பரப்பப்படும். இரண்டு திரைகளையும் தனித்தனியாக ஓட்டும் மூன்றாவதையோ நான்காவதையோ தேர்ந்தெடுங்கள். நான்காவதில் வெளித்திரை மட்டும் ஓடுவதால் பழைய கிராபிக்ஸுக்குப் பாரமும் குறையும்.

அப்புறம் விண்டோஸ் அமைப்புகளில் மேம்பட்ட டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய் ஹெர்ட்ஸைப் பாருங்கள். டெஸ்க்டாப் அளவும் உண்மையில் போகும் சமிக்ஞை அளவும் அங்கே தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் திரை உங்களிடம் சொல்வது பாதி உண்மைதான். 27 அங்குல 4கேயில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய கூர்மையை அப்படி வீணாக்காதீர்கள். ரெசல்யூஷன் முழுதாக இருக்கட்டும், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்குங்கள். புள்ளியும் கொம்பும் சுழியும் தெளிவாக விழும்.

முடிந்தால் லேப்டாப்பையும் கேபிளையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். இணைத்து, ஹெர்ட்ஸைப் பார்த்து, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து உருட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு. சுவரில் பிரிட்டிஷ் மூன்று முள் சாக்கெட், பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து கொண்டுவந்த மானிட்டரிலோ பிரெஞ்சு பிளக். பேனாவால் மேல் துளையை அழுத்தித் திறந்து, இரண்டு முள்ளை மட்டும் திணிக்கிறார்கள். எர்த் இணைப்பு அறுந்துபோகிறது. எர்த் தேவைப்படும் மானிட்டரில் அப்போது உலோகப் பகுதியில் 230 வோல்ட்டில் பாதி வரை கசிந்து நிற்கலாம். தொட்டால் சுருக்கென்று இருக்கும். அந்த நிலையில் எச்டிஎம்ஐயைச் செருகினால் லேப்டாப்பின் துளையே போய்விடக்கூடும். எர்த்தோடு கூடிய சரியான மாற்று பிளக்கை வாங்குங்கள், படக் கேபிளை முதலில் செருகிவிட்டு மின்சாரத்தைப் போடுங்கள். நவம்பர் முதல் மே வரையிலான புயல் பருவத்தில் இடி தொடங்கும் முன்பே இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதும் அவசியம்.