பத்து கியர் இருந்தால் பலம் அதிகமா? பிக்கப் ஆட்டோமேட்டிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பிக்கப் என்றதும் கண்ணுக்கு வருவது விடியற்காலையில் கலாசிபாளையத்துக்குக் காய்கறி ஏற்றி வரும் பொலேரோவும் தோஸ்த்தும்தான். அவற்றில் ஆட்டோமேட்டிக் கிடையாது, யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் ஹைலக்ஸும் இசுசு வி-கிராஸும் ஆட்டோமேட்டிக்கில் வந்த பிறகு, அல்சூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் நம் ஆட்கள் சிலர் தீவிரமாக விலை விசாரிக்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் மச்சான் தன் ட்ரக் வீடியோவை வேறு அனுப்பிவைக்கிறார். அப்புறம் என்ன, ஒப்பீடு ஆரம்பித்துவிடும்: "அங்கே பத்து கியர், இங்கே ஆறுதானா?"

முதல் தவறே இந்தக் கேள்விதான். அமெரிக்காவில் மொத்த எடை 8,500 பவுண்ட், அதாவது சுமார் 3,855 கிலோ வரை தாங்கும் பிக்கப் லைட் ட்யூட்டி. ஃபோர்டு எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் இந்த வகை. அதற்கு மேலே போனால் ஹெவி ட்யூட்டி: ஃபோர்டு சூப்பர் ட்யூட்டி, சில்வராடோவிலும் ராமிலும் 2500, 3500. எஃப்-150இல் இருப்பது 10ஆர்80 கியர்பாக்ஸ், சூப்பர் ட்யூட்டியில் 10ஆர்140. இரண்டிலும் பத்து கியர். முதல் கியர் விகிதம் (வெளியே ஒரு சுற்றுக்கு உள்ளே எத்தனை சுற்று என்ற கணக்கு) ஒன்றில் 4.7, இன்னொன்றில் 4.6. பத்தாவது கியர் இரண்டிலும் கிட்டத்தட்ட 0.63. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கழற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கிளட்ச் தட்டுகள், ஷாஃப்ட், கிரக கியர்கள், டார்க் கன்வர்ட்டர் எல்லாமே 140இல் கனம். ஹைட்ராலிக் பம்ப் போன்ற கருவிகளை ஓட்ட வெளியே சக்தி எடுக்கும் வசதியும் அதில் உண்டு. கியர் எண்ணிக்கையைப் பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மிக்ஸியில் மூன்று வேகம், கிரைண்டரில் ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டுக்கு இட்லி மாவு ஆட்ட எதைத் தேடுவோம்? சில்வராடோ ஹெவி ட்யூட்டியின் டீசல் வண்டிகளில் வந்த அல்லிசன் 1000 கியர்பாக்ஸ் அந்த ரகம். 2001இல் ஐந்து கியர், 2006இல் ஆறு, 2019 வரை அதே ஆறுதான். அதற்குள் லைட் ட்யூட்டி வண்டிகள் எட்டு, பத்து என்று போய்விட்டன. அதற்காக அல்லிசனை யாரும் நோஞ்சான் என்று சொல்லவில்லை. கியர் கூடக்கூட எஞ்சின் தனக்குத் தோதான வேகத்தில் ஓடும், எரிபொருள் மிச்சமாகும். அவ்வளவுதான். 2020இல் அங்கேயும் பத்து கியர் வந்தது. அல்லிசன் பெயர் ஒட்டியிருந்தாலும் அதைச் செய்வது சில்வராடோவைத் தயாரிக்கும் ஜிஎம்தான்.

சரி, பெயரில் இருக்கும் 80, 140 என்ற எண்ணையாவது நம்பலாமா? தாங்கும் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில் அளப்பது) எந்த வகுப்பு என்பதற்கு அது ஒரு குறிப்பு, துல்லியமான அளவு அல்ல. 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரும் ஃபோர்டின் ஹை அவுட்புட் டீசலோடும் 10ஆர்140தான் வருகிறது.

அடுத்த தவறு, எஞ்சினைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு கியர்பாக்ஸைக் கூட வரும் பொருளாக நினைப்பது. பல நேரம் கியர்பாக்ஸ்தான் எஞ்சினுக்கு எல்லை போடுகிறது. ராம் ஹெவி ட்யூட்டியின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 வரை, 68ஆர்எஃப்ஈ என்ற ஆறு கியர் பெட்டியோடு வந்தால் சுமார் 1,150 நியூட்டன் மீட்டர். ஐசின் செய்த இன்னொரு ஆறு கியர் பெட்டியோடு வந்தால் 1,450ஐத் தாண்டியது. இரண்டிலும் அதே ஆறு கியர்தான். 2025இல் இரண்டையும் எடுத்துவிட்டு ஸெட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியைப் போட்டார்கள்.

நம் ஊர்க் கதையும் இதேதான். பிடதியில் பூட்டப்படும் ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல், மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. "ஆட்டோமேட்டிக் என்றால் இழுவை குறையும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டினால் போதும். அதனால்தான் ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதும் வேலை, செய்பவரிடம் போய் எஞ்சின் டார்க்கை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்காத வேலை. கூடுதல் டார்க் முதலில் போய் மோதுவது கியர்பாக்ஸ் கிளட்ச்களில். அவை நழுவத் தொடங்குவது ஓட்டுபவருக்கு உடனே தெரியாது. தெரியும்போது பெட்டியை இறக்க வேண்டியிருக்கும்.

ஏஎம்டி எனப்படும் தானியங்கி மேனுவலையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹொசகோட்டையில் தயாராகும் வோல்வோ லாரிகளின் ஐ-ஷிஃப்ட், உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் மாற்றுகிறது. நெடுந்தூர லாரிக்கு அருமை. ஹைலக்ஸிலும் அமெரிக்கப் பிக்கப்களிலும் இருப்பது டார்க் கன்வர்ட்டர், அதாவது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது. அதன் பலமும் பலவீனமும் அந்த எண்ணெயில்தான் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொல்வது பெரும்பாலும் சூடு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், நழுவல் இருக்காது, எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் நிம்மதியாக இருக்கும். முழுச் சுமையோடு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். லாக்-அப் பூட்டவே பூட்டாது, நழுவும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெய் சூடாகும், குளிர்விக்கக் காற்றும் வராது. 120 டிகிரியைத் தாண்டினால் எண்ணெயின் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே, "நான் ஊருக்குள்தானே ஓட்டுகிறேன், ஹெவி ட்யூட்டி சமாச்சாரம் எனக்கு எதற்கு?" என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. மேம்பாலச் சரிவில் நிற்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

எண்ணெய் சூடு விளக்கு எரிந்தால் பலர் ஓரம் கட்டி, பதறிப்போய் எஞ்சினை அணைக்கிறார்கள். அணைக்கக் கூடாது. எண்ணெயைக் கூலருக்குத் தள்ளும் பம்ப் எஞ்சினால்தான் சுழல்கிறது. 'பி'யில் (பார்க்) போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது தொப்பூர் கணவாய். தர்மபுரி தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் லாரிக்காரர் பழக்கம் நம் கார்க்காரர்களிடமும் உண்டு. டார்க் கன்வர்ட்டர் வண்டியில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. 'டி'யில் (டிரைவ்) வைத்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக மிச்சமும் இல்லை, எஞ்சின் பிரேக்கும் இல்லை. முழுப் பாரமும் பிரேக்கில். ஓடும்போதே மறுபடி 'டி'யில் தள்ளினால் கிளட்ச்களுக்கும் ஒரு அடி.

அமெரிக்கப் பிக்கப்களில் இதற்கு டோ-ஹால் என்று ஒரு பட்டன் இருக்கும். ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாற்றாமல் பிடித்து வைக்கும், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் தானே கியரைக் குறைக்கும். ஹெவி ட்யூட்டி டீசலில் இதோடு, புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். டிரெய்லர் கட்டினால்தான் அந்தப் பட்டன் என்று நினைத்துத் தொடாதவர்கள் அங்கேயும் நிறைய. நம் வண்டியில் கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ இறக்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

எண்ணெய் மாற்றுவதில் நடக்கும் கூத்து தனி. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜேசி ரோட்டில் கேட்டால், "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் சார் போடுறோம்" என்று ஒரு டின்னை எடுத்து வைப்பார்கள். டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ் என்ற எண்ணெய். ஃபோர்டின் பத்து கியருக்கு மெர்கான் யூஎல்வி, மிகவும் நீர்த்த எண்ணெய். அதே ஃபோர்டின் முந்தைய ஆறு கியருக்கு மெர்கான் எல்வி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று செல்லாது. "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்பதையும் நம்ப வேண்டியதில்லை. ஸெட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. சுமையும் நெரிசலும் சேர்ந்தால் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெளியே வரும் எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடச் சொல்லுங்கள். கொஞ்சம் கறுத்திருப்பது சகஜம். தீய்ந்த வாசனை அடித்தால், கரும்பொடி தாளில் ஒட்டினால், கிளட்ச் தேய்ந்திருக்கிறது. புதிய பெட்டிகள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சியே இல்லை. வண்டி மட்டமாக நிற்க, எஞ்சின் ஓட, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, வழிவது நிற்கும்போது மூட வேண்டும். ஆறிய வண்டியில் அளவு பார்த்து நிரப்பினால் சூடானதும் விரிந்து கூடுதலாகிவிடும்.

சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் 'பி'. இல்லையென்றால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

கடைசியாக, வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே கியர்கள் எண்ணெய் இல்லாமல் தேயும். சில நான்கு சக்கர இயக்க வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் வைத்து இழுக்க அனுமதி உண்டு. அந்த வண்டியின் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். மற்றபடி வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட்தான். அவசரத்துக்கு வந்தவர் முன்பக்கத்தை மட்டும் கொக்கியில் தூக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். பிக்கப்பில் எஞ்சின் ஓட்டுவது பின்சக்கரத்தை.